கூப்பிட்டது கேட்டதா?

அக்கா மேல் லோடு ஆட்டோ மோதியது விடிந்தும் விடியாத நேரத்தில். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களோடு கிளம்பியவள் அவர்களை முந்திக்கொண்டு நடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். வண்டி அவளை இடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. டிரைவர் இறங்கினார். பிறகு ஏறிப் போய்விட்டார். பின்னால் வந்த பெண்கள்தான் ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள்.

இடது தொடை எலும்பு முறிந்து இடுப்பிலும் அடி. மதுரையில் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியபோது, அவள் இனிக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்க முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்துவரும் கால்களும் கைகளும் அவளுடையவை. இப்போது கட்டிலிலிருந்து கதவு வரை போக ஒரு கம்பு வேண்டியிருந்தது.

சாலையோரத்து டீக்கடையின் கேமராவில் வண்டி பதிவாகியிருந்தது. சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், கரி மூட்டை ஏற்றிக்கொண்டு ராமேசுவரம் போனவர் என்று போலீஸ் கண்டுபிடித்தது. கைது செய்து, ஜாமீனில் விட்டார்கள். வழக்கு நின்றால் ஜெயில்தான் என்று எங்கள் வக்கீல் சொன்னபோது எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. ராமநாதபுரத்தில் நான் வைத்திருக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். அக்கா புருசன், என் மச்சான், கேரளாவில் மீன்பிடி போட்டில் வேலை பார்க்கிறார். அவரும் போனில் அதையேதான் கேட்பார்: "எப்ப உள்ள போடுவாங்களாம்?"

அக்கா மட்டும் கேட்கவில்லை. அவளுடைய தொல்லை வேறாக இருந்தது.

"தம்பி, நான் ரோட்டுல கெடந்தப்ப அந்தாளக் கூப்பிட்டேன். செருப்புக் காலு தெரிஞ்சுச்சு. கூப்பிடவும் அந்தக் காலு நின்னுச்சு."

"நீ மயங்கிக் கெடந்தக்கா. பொம்பளைக வந்து தூக்கும்போது ஒனக்கு நெனவே இல்லையாம்."

"அதுக்கு முன்னாடி."

"கனவு மாதிரி ஏதாச்சும் இருக்கும்."

நான் மட்டுமில்லை, பார்க்க வந்த எல்லோரும் இதையேதான் சொன்னோம். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைப்பு. அவளோ சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிடுவாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். வீட்டு வாசலுக்கு ஆட்டோ வந்தாலும் ஏறமாட்டாள். மறு பரிசோதனைக்கு மதுரைக்குப் போகவேண்டிய நாள் அப்படியே தவறிப்போனது.

எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர் சமரசப் பயிற்சி எடுத்தவர். படகுச் சண்டை, எல்லைச் சண்டை என்றால் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார். அக்கா ஒருநாள் அவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"டீச்சர், எனக்கு அந்த டிரைவரப் பாக்கணும். ஒரே ஒரு விசயம் கேக்கணும்."

நான் குதித்தேன். "கேக்குறத கோர்ட்டுல கேட்டுக்கிருவாங்க."

"கோர்ட்டுல எனக்கு வேண்டியத யாரும் கேக்கமாட்டாக" என்றாள்.

அது உண்மை. குற்றப்பத்திரிகையில் வேகம் இருந்தது, இடம் இருந்தது, காயம் இருந்தது. அக்காவின் கேள்விக்கு அதில் இடமே இல்லை.

டீச்சர் சிக்கலுக்குப் போய்வந்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வண்டி எடுக்கவேயில்லையாம். கருவேல மரத்தை அடுக்கிக் கரி சுடும் மூட்டத்தில் கூலிக்குப் போகிறாராம். அவருடைய வக்கீல், எதையும் வாய் திறந்து சொல்லாதே என்று சொல்லியிருந்தாராம். டீச்சர் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரலாம்னு நெனச்சா வராதீங்க. அவுக கேக்குறதுக்குப் பதில் சொல்ல முடியும்னா வாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் உட்கார்ந்தோம். சுவரெல்லாம் யானை, மாம்பழம், ரயில் என்று படங்கள். அக்காவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். டிரைவர் மனைவியோடு வந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நகக்கண்களில் கரி. நான் மனதில் வைத்திருந்த முகம் இது இல்லை. அதுவே எனக்குக் கோபமாக இருந்தது.

முதலில் நான்தான் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன். நாயை அடித்தால்கூட நின்று பார்ப்பார்களே என்று கேட்டேன். டீச்சர் தடுக்கவில்லை. டிரைவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்வதெல்லாம் தீர்ந்துபோன பிறகு அக்கா ஆரம்பித்தாள்.

"நான் ஒங்களக் கூப்பிட்டேனா?"

அவர் நிமிர்ந்தார்.

"கூப்பிட்டீக."

"என்னன்னு?"

"அண்ணே, தூக்கி விடுங்கண்ணேன்னு. ரெண்டு தடவ கூப்பிட்டீக. மொதத் தடவ நின்னேன். ஒரு எட்டு வச்சு வந்தேன். கால் மடங்கிக் கெடந்ததப் பாத்தேன். பயந்துட்டேன்க்கா. போன் சட்டப்பையிலதான் இருந்துச்சு. 108-க்கு அடிச்சிருக்கலாம். அடிக்கல. நீங்க ரெண்டாவது தடவ கூப்பிடும்போது நான் வண்டிக்குள்ள ஏறிட்டேன். காதுல விழுந்துச்சு. விழுந்தும் போயிட்டேன்."

அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த வார்த்தைகளை அவரும் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறார் என்று தெரிந்தது.

எந்த நீதிமன்றத்திலும் ஒருவர் தனக்கு எதிராக இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். நான் எழுந்து அவரை அடிப்பேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய தோள்கள் இறங்கின. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் உடம்பு அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நீண்ட மூச்சு விட்டாள், கடலுக்குள்ளிருந்து மேலே வந்தவர்கள் விடுவார்களே, அதுபோல.

"அப்ப எனக்குப் புத்தி கலங்கல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் அத்தனை பேர் அன்போடு சுற்றி நின்றும் கொடுக்க முடியாததை, அவளைச் சாலையில் விட்டுப்போன ஆள் கொடுத்துவிட்டார். இந்த உலகத்தில் அது அவர் ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது.

டீச்சர் கேட்டார்: "இவரு இனி என்ன செய்யணும்னு நெனைக்கிறீக?"

"வண்டி ஓட்டணும்."

எங்களுக்குப் புரியவில்லை.

"என்னய ஏத்திக்கிட்டு ஓட்டணும். அந்த ரோட்டுலயே. எனக்கு வண்டின்னாலே ஈரக்கொல நடுங்குது. வேற யாரு ஓட்டுனாலும் அந்தப் பயம் போகாது."

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "என்னால ஏலாதுக்கா. ஸ்டீயரிங்கத் தொட்டா கை உதறுது."

"எனக்குந்தான் உதறுது. ஏலும்போது வாங்க. நான் எங்க போகப்போறேன்?"

காயம்பட்டவர் சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால் இப்படிப்பட்ட வழக்கைச் சமரசமாக முடிக்கலாம் என்று வக்கீல் சொன்னார். அக்கா சம்மதித்தாள். இன்சூரன்ஸ் விவகாரம் தனியாக நடந்தது. கையெழுத்துப் போட அக்கா கோர்ட்டுக்கு ரயிலில்தான் வந்தாள். ரயில் என்றால் மட்டும் அவளுக்குப் பயமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், இறங்கியபின் கோர்ட்டுக்கும் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து நானே தள்ளிப்போனேன்.

மாஜிஸ்ட்ரேட் அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஒங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"நாந்தாங்கய்யா அவரக் கட்டாயப்படுத்துறேன். வண்டி ஓட்ட வாங்கன்னு. இன்னும் வரமாட்டேங்குறாரு."

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்த அறையின் மிக உயரமான நாற்காலியில் அன்று என் அக்கா உட்கார்ந்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

வழக்கு முடிந்தும் அவர் வரவில்லை. ஏமாற்றிவிட்டார் என்றேன். "நீயா இருந்தா ஒடனே ஓட்டிருவியாக்கும்?" என்றாள். மழைக்காலம் போய்ப் பனி இறங்கிய பிறகு ஒருநாள் போன் வந்தது. "அக்கா, தண்ணியில்லாத கம்மாய்க்குள்ள வெறும் வண்டிய ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பக் கை நிக்குது. நாளைக்கு வாரேன்."

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு வந்தார். அதே வண்டி. அக்கா கம்பை ஊன்றி அதை ஒருமுறை சுற்றி வந்தாள். முன்பக்கத் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளே கதவைத் திறந்து ஏறினாள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் பின்னால் கரித்தூளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னக் கண்ணாடி வழியே அவர்கள் இருவருடைய முதுகையும் பார்த்தபடி நின்றேன். சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திப் போனார்கள்.

அந்த இடம் வந்ததும், "நிப்பாட்டுங்க" என்றாள்.

மூவரும் இறங்கினோம். ஒரு பக்கம் கருவேலம் புதர். மறுபக்கம் மணல்வெளி, அதற்கப்பால் கடல். இரண்டு ஆடுகள் சாலையோரம் எதையோ மேய்ந்துகொண்டிருந்தன. கறையோ கண்ணாடித் துண்டோ எதுவும் இல்லை. அக்கா குனிந்து தார்ச் சாலையைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா எடம்?" என்றாள். "ராத்திரியெல்லாம் எனக்கு எம்புட்டுப் பெருசாத் தெரிஞ்சுச்சு."

"எனக்கும்" என்றார் அவர்.

அவர்கள் இருவரும் அந்தச் சின்ன இடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நான் நாலு எட்டு தள்ளியே நின்றுகொண்டேன். கோயிலில் சில இடத்தில் நாமாகவே நின்றுவிடுகிறோமே, அப்படி.

திரும்பி வரும்போது வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. கடற்கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி கையைத் தட்டிச் சத்தம் போட்டாள். அக்கா ஜன்னல் வழியே கையை நீட்டி அவளைத் திட்டினாள்.

இப்போதும் அவள் முங்குவதில்லை. வள்ளத்தில் போய், மற்றவர்கள் பறித்துப் போடும் பாசியைத் தரம் பிரிக்கிறாள். அந்த மூட்டைகளைக் கரையிலிருந்து வியாபாரியின் சரக்குக் கிட்டங்கிக்கு ஏற்றிப் போக அந்த லோடு ஆட்டோதான் வருகிறது. அதை யாரும் நிபந்தனையாக வைக்கவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. மூட்டை ஏற்றி முடிந்ததும் அக்கா முன்னால் ஏறிக்கொள்கிறாள். வழியெல்லாம் இருவரும் எதையாவது பேசிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் மீன் விலையும் அவருடைய மகளின் படிப்பும்.