தெர்மக்கோல் உருண்டையும் தம்பியின் பேரும்

தெர்மக்கோலைத் தரையில் தேய்த்தால் எழும் அந்தக் ‘கிறீச்’ சத்தத்தில் பல்லே கூசிப்போகும். ஆனாலும் எண்பதுகளின் நடுவில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்த அன்று, டிவியை விட்டுவிட்டு அதைச் சுற்றி அடைத்து வந்த வெள்ளைக் கட்டியைத்தான் பிய்த்துக்கொண்டிருந்தோம். உதிர்ந்த உருண்டைகள் மூச்சுப் பட்டாலே ஓடின. என் தம்பியைப் பேசவைத்தது அந்த உருண்டைதான். சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன கூச்சம்?

தம்பி சுரேஷுக்குப் பிறவியிலேயே அண்ணத்தில் பிளவு. தைத்துச் சரிசெய்த பிறகும் காற்று பழகிய வழியிலேயே மூக்கால் போனது. வாய்த்த பேரோ ‘ஸு’வில் தொடங்கி ‘ஷ்’ஷில் முடிகிற பேர், இரண்டுமே காற்று வாய்க்குள் குறுகிய சந்தில் உரசிக்கொண்டு வெளியேறினால்தான் பிறக்கும். அவன் சொன்னால் மூக்குக்குள் ஒரு முனகல்தான் கேட்கும். பேரையாவது தெளிவாகச் சொன்னால் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் பேச்சு வராத பிள்ளைகளுக்கான வெளியூர் விடுதிப் பள்ளிதான் என்று தலைமையாசிரியை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்தச் சின்ன உயிரை விடுதியில் விட எங்கள் வீட்டில் யாருக்கு மனசு வரும்?

மே மாதம் முழுக்க எங்கள் கூடம்தான் மைதானம். குப்புறப் படுத்து, ‘ஸ்’ என்ற சத்தத்தாலேயே உருண்டையைச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஓட்ட வேண்டும். உதட்டைக் குவித்து ஊதினால் ‘அவுட்’. பல்லோடு பல் சேர்த்து, நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டியும் ஒட்டாமலும் நிறுத்த வேண்டும். ஒட்டிவிட்டால் ‘த்’ ஆகிக் காற்று அடைபடும். ‘ஷ்’ஷுக்கு நாக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்து உதட்டை நீட்ட வேண்டும். இதெல்லாம் கண்ணாடி முன் நின்று என் வாயைப் பார்த்து நானே கண்டுபிடித்தது. தம்பியின் மூக்கைப் பிடித்துக்கொள்வது பக்கத்து வீட்டுக் குமாரின் வேலை. சுரேஷ் தோற்றுத் தோற்று அழுவான். பாவம், விடுங்களேன் என்பாள் அம்மா. குமாரா விடுவான்?

“ஊதாத மாமே, சத்தம் உடு.”

மாதம் முடிவதற்குள் மூக்கைப் பிடிக்காமலே உருண்டை ஓடியது.

சேர்க்கை அன்று தலைமையாசிரியை பேர் கேட்டதும், வழக்கம்போல அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அவன் சொல்லட்டும் என்றார் அவர். தம்பி என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்; பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி அந்த அறையின் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். நிற்கவைத்துச் சொல்லிப்பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! தலைமையாசிரியை எழுந்து மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஸ்... ஸுரேஷ்.”

அப்படியொரு சுத்தமான சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எழுந்திருப்பா, சேர்த்தாச்சு” என்றார் தலைமையாசிரியை.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் பிளாக் இப்போது ஆளில்லாமல் காரை பெயர்ந்து நிற்கிறது. குமாரின் குடும்பம் சேக்காடு பக்கம் போனதாகக் கேள்வி, அதற்குமேல் தகவல் இல்லை. அவனைக் கண்டால் சொல்ல வேண்டும்: சுரேஷ் இப்போது வாத்தியார், காலை முதல் மாலை வரை, நின்றுகொண்டே பேசுகிறான்.