சிவப்பு மரக்கூண்டு

காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது: டோருனுடைய அக்கா, போர்கில் என்பவள், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். டோருன் நேரே, குளிர் மிகுந்த மலையூரான ரோரோஸில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள்.

பள்ளிச் சமையலறை அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த போர்கில், கடைசிக் குளிர்காலங்களில் வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்பின் வெளிப்பெட்டி அசிங்கமாகத் தெரிகிறதென்று அத்தான் ஹெல்கே அதைச் சிவப்பு மரக்கூண்டு கட்டி அடைத்துவிட்டார். பெட்டி தான் துப்பிய குளிர்காற்றையே திரும்ப உறிஞ்சி, பனிக்கட்டி பிடித்து, கரண்டை மட்டும் தின்றது.

“ஒரு பங்கு கரண்டுக்கு நாலு பங்கு சூடுன்னு வித்தவன் சொன்னானேம்மா!” என்றார் ஹெல்கே.

“மூக்கையும் வாயையும் பொத்திட்டு நீங்க ஓடுவீங்களா அத்தான்? கூண்டைக் கழட்டச் சொல்லி அக்கா கெஞ்சலையா?”

“தெருவுல எல்லார் வீட்லயும் இப்படிக் கூண்டு இருக்கே.”

டோருன் எழுந்தாள். திருப்புளியோடு வெளியே போனாள். கூண்டின் முன்பக்கச் சட்டங்கள் கழன்றன; பக்கவாட்டுத் திருகாணிகள் உறைந்துபோய் அசையவில்லை.