ஆயில் மாற்றாமல் போய்வந்த திருவண்ணாமலை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் வண்டியை எடுத்தேன். திருவண்ணாமலை அங்கிருந்து நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயிலடி என்று நாலு கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியறியாத எனக்கு இதுதான் முதல் நெடும்பயணம். என் கணவர் பாஸ்கரனுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் நான் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி ஓட்டுவதையே அவர் விரும்புகிறார்.

கிளம்பும் முன்பே சண்டை. வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாற்றிவிட்டுப் போகலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, நாம் நாலாயிரம்கூட ஓட்டவில்லை என்பது அவர் கட்சி. அதே வரியில் ‘அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அது’ என்றும் இருக்கிறதே என்றேன். அது வியாபாரத்துக்காகச் சேர்த்தது என்றார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். ஒரு வருஷம் என்பதும் எண்தானே என்று கேட்டதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பினோம். இருபுறமும் நெல்வயல். இருபத்தெட்டு கிலோமீட்டரில் செஞ்சி. யாரோ மூட்டை மூட்டையாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, கட்டி முடிக்காமல் போய்விட்டதுபோல் குன்றுகள். உச்சியில் கோட்டை. கோட்டை தெரிகிற ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. நிறம்தான் ஃபில்டர் காப்பி டிகாக்‌ஷன்.

“கறுப்பா இருந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், சுமதி” என்றார் இவர், டீயை ஆற்றிக்கொண்டே. சாட்சிக்குக் கடைக்காரரையும் கூப்பிட்டார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாது, டீத்தூளைத் தான் காலையில் ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி மாற்றிவிடுவதாகச் சொன்னார். இவர் கோட்டையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பியபோது இன்ஜினிலிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. நான் பாட்டை நிறுத்தினேன். இவர் மறுபடி போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்தார். அடுத்த நாற்பது கிலோமீட்டரும் அப்படியே போனோம். மலை முதலில் ஒரு நீல முக்கோணமாகத் தெரிந்து, பிறகு கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் அறை. எதிர்வீட்டுச் சுவரில் ஒரு மயில். அதன் கீழே வெள்ளை ஜிப்பாவில் ஒரு வெள்ளைக்காரர் தேங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார், தமிழில்.

நடை சாத்துவதற்குள் என்று பதினொரு மணிக்கே கோயிலுக்குக் கிளம்பினேன். கோபுரத்துப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்று அறைக்காரர் சொன்னதால் ஆட்டோ, நூறு ரூபாய். இவர் முட்டி வலிக்கிறது, சாயந்தரம் கிரிவலத்துக்குக் கால் வேண்டும், தூங்குகிறேன் என்று தங்கிவிட்டார். தரிசனத்துக்கென்றே இந்தப் பயணத்தைத் திட்டம் போட்டவர் அவர்தான்.

வரிசையில் நின்று, கருவறைப் புழுக்கத்தில் வெந்து, நெற்றி நிறைய விபூதியோடு திரும்பினால், இவர் குளித்து, தலை வாரி, எனக்காக மல்லிகைச் சரம் வாங்கி வைத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். மலையின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் பதினாலு கிலோமீட்டர் நடந்தோம். எட்டு லிங்கத்திடமும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றேதான்: வண்டி நடுவழியில் நிற்காமல் ஊர் போய்ச் சேர வேண்டும். இவ்வளவு நேரம் என்ன வேண்டுதல் என்று இவர் கேட்டார். குடும்ப நலம் என்றேன்.

ஞாயிறு காலை இவரால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இட்லி வாங்கி வருகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டேன். மனதில் இருந்தது இட்லி இல்லை. அதே ரோட்டில், வேப்பமரத்தடியில் ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. ஏழுமலை என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

ஆயில் மாற்ற வேண்டும் என்றேன். வேண்டாம், ஆயில் நன்றாக இருக்கிறது என்றார். பானெட்டைத் திறக்கவே இல்லை. திறக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டால், இன்றைக்கு வேலை ஜாஸ்தி என்றார். அங்கே ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்து நானே பானெட்டைத் திறந்து கம்பியை உருவினேன். நுனியில் தேன் நிறத்தில், பளபளவென்று ஆயில்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

“சார் நேத்து மத்தியானம் வந்தாருங்க. ஆயிலு, ஃபில்டரு ரெண்டும் மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு.”

வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

“அவங்கதான் ஓட்றாங்க, தெரியாத ரோட்ல நின்னுட்டா பயந்துடுவாங்கன்னாரு.”

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வந்ததற்குப் பயனாக இருக்கட்டும் என்று, கிலோமீட்டரா வருஷமா என்று கேட்டு வைத்தேன்.

“கிட்டக்க கிட்டக்க ஓட்ற வண்டில இன்ஜின் நல்லா சூடாவறதே கம்மிங்க. உள்ள ஈரம் தங்கி ஆயில் கெட்டுப்பூடும். கிலோமீட்டர் ஆவலைன்னாலும் வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்திடணும். சாருக்கும் இதத்தான் சொன்னேன்.”

நான் வந்ததைச் சாரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரே வண்டிக்கு இரண்டு ரகசியம் சுமக்க வேண்டியதாகிவிட்ட சலிப்போடு, “சரிங்க” என்றார்.

மத்தியானம் ஊருக்குக் கிளம்பினோம். எந்தச் சத்தமும் இல்லாமல் இன்ஜின் பிடித்தது. “பாத்தியா, ஒரு குறையும் இல்லை” என்றார் இவர். நான் கண்ணாடியில் மலையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செஞ்சி தாண்டியதும், நாளைக் காலையிலேயே தாம்பரத்தில் ஆயில் மாற்றப்போகிறேன், மெக்கானிக் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போகிறார் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாளைக் காலையில் ராகுகாலம் என்றார். கல்யாணத்துக்கே ராகுகாலம் பார்க்காத மனிதர். மழை வரும்போல இருக்கிறது என்றார். வானம் சுத்தமாக இருந்தது. மெக்கானிக்குகளை நம்ப முடியாது, நல்ல ஆயிலையே மாற்றிவிடுவார்கள் என்றார். ராகுகாலம் முடிந்ததும் வரச் சொல்கிறேன் என்றேன். திண்டிவனம் வரை பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நெடுஞ்சாலை ஏறியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “சுமதி, ஆயில் மாத்தியாச்சு” என்றார்.

“எப்போ?”

“நேத்து. நீ கோயிலுக்குப் போனப்போ.”

ஏழுமலையிடம் சொன்ன காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாறாக, கிலோமீட்டர் கணக்கு ஏன் எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்று ஆரம்பித்தார். கிட்டக்க ஓட்டும் வண்டியில் இன்ஜின் சரியாகச் சூடாகாது, ஈரம் தங்கும், ஆயில் கெடும், ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை என்று, தானே யோசித்துக் கண்டுபிடித்ததுபோல் தாம்பரம் வரும்வரை எனக்குப் பாடம் எடுத்தார்.

“அப்படியா?” என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.