ஒரு சொட்டும் வெளியே போகாத ஆலை

அலங்காநல்லூர் சாலையில் இருக்கும் எங்கள் ரப்பர் ஆலையில், இயந்திரங்களைக் குளிரவைத்த தண்ணீர் மதிலுக்கு வெளியே வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான தண்ணீர்தான்; லேசாகச் சுடும், அவ்வளவே. சுற்றுச்சூழல் பிரிவில் இருந்த நாங்கள் அதற்குக் கழிவு என்று பேர் வைத்தோம். குழாய் போட்டு அத்தனையையும் உள்ளேயே திருப்பிக்கொண்டோம். தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்தது.

அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி. வழக்கம்போல் பால் ஊற்ற வந்த பக்கத்துத் தோட்டக்காரரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, "நல்ல காரியம்ணே, தண்ணிய வீணாக்கக் கூடாதுல்ல" என்றார். அந்த வாய்க்காலை நம்பித்தான் அவர் மாட்டுக்குப் புல் வளர்த்தார். அந்த நேரத்தில் அது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

கோடையில் வந்து, "மாட்ட வித்துட்டேன்ணே. புல்லெல்லாம் காஞ்சுபோச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொஞ்சம் தண்ணீராவது விடலாமா என்று மேலே கேட்டுப் பார்த்தேன். கேடயம் என்னாவது என்று கேட்டார்கள்.

இப்போது கேன்டீனில் பாக்கெட் பால். காலிப் பாக்கெட்டுகளைக் குறைப்பதுதான் இந்த வருடம் எங்கள் பசுமை இலக்கு.