கருங்கல் மேசையும் ஒரு கம்பளியும்

முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேமராவுக்கு எதிரே படுக்கப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கண்ணாடி என்று சொன்னது எங்கள் மாங்கூழ் ஆலையின் மீட்டிங் அறை மேசையை. சுற்றிலும் கருங்கல் வெட்டுகிற மாவட்டத்தில் பிளைவுட் மேசையா என்று, அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பாலீஷ் போட்ட கல் பலகையை நானே நின்று தேர்ந்தெடுத்தேன். குனிந்து பார்த்தால் மீசை முடி தனித்தனியாகத் தெரிந்தது. கூரை டியூப்லைட்டும் ஜன்னல் வெயிலும் அதே அழகோடு அதில் விழுந்து, நேரே கேமராவுக்குள் பாயும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. சென்னை ஹெட் ஆபீசிலிருந்து வீடியோவில் பார்ப்பவர்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பிழம்பு, சுற்றிலும் இருண்ட தலைகள். பழியை இன்டர்நெட்காரர் மேல் போட்டதோடு சரி, எனக்கு அதில் பெரிய குறையில்லை. நீண்ட மீட்டிங்குகளில் கண்ணை மூடி யோசிப்பது என் வழக்கம்.

குறை லேப் மேடத்துக்குத்தான். பக்கத்து ஊரான இண்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பதினான்கு சீசன் கூழின் நிறமும் புளிப்பும் பார்த்தவர். லேப் தலைமைப் பதவிக்குச் சென்னைக்காரர்கள் அவரை வீடியோவில் நேர்காணல் செய்வதாக இருந்தார்கள். முந்தின வாரம் அவர் இரண்டு மாதிரிகளைத் தூக்கிக் காட்டி நிற வித்தியாசத்தை விளக்கியபோது, ரெண்டும் கருப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

நேர்காணல் பதினொரு மணிக்கு. பத்தரைக்கு ஒத்திகை பார்த்தோம். நான் புதிதாக வாங்கி வந்த வட்ட விளக்கைப் போட்டேன்; மேசையில் இன்னொரு சூரியன் உதித்தது. துணியெடுத்து மேசையைத் துடைத்தேன். இன்னும் பளபளத்தது. மேடம் திரையில் தன் முகம் இருக்க வேண்டிய இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கல்ல மூடிரலாங்களா சார்? கூழு கலரு தெரிஞ்சாப் போதுங்க. எம் மூஞ்சி தெரியாட்டிப் பரவால்ல."

அதற்குமேல் அந்தக் கல்லின் மீது எனக்குப் பாசம் நிற்கவில்லை. வாட்ச்மேனிடம் போய் அவருடைய சாம்பல் நிறக் கம்பளியைக் கேட்டு வாங்கி வந்து விரித்தேன். விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். அப்போதுதான் திரையில் ஒரு முகம் வந்தது: மூக்குத்தி, நெற்றியில் வியர்வை, இரண்டு கையிலும் இரண்டு விதமான மஞ்சளில் கூழ்.

பதவி கிடைத்தது.

அடுத்த வார மீட்டிங் முடிந்ததும் கம்பளியின் ஓரத்தை நீவிக்கொண்டே, அறையைச் சரிசெய்ததில் என் பங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசினேன். புதிய லேப் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபைலை மூடினார்.

"இப்ப எல்லாமே நல்லாத் தெரியுதுங்க சார். நீங்க தூங்குனதயும் சென்னைல பாத்துட்டாங்க."