வெல்டர் தேடிக் கிண்ணியாவுக்குப் போன கதை

ஒரே ஒரு கடிதத்துக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து திருகோணமலைக்குப் போய் வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு பால்பண்ணை ஊரில் நானும் கணவரும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். பால் நிரப்புகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கிகள் செய்கிறோம். ஐந்து வெல்டர்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டே பேர். விளம்பரம் போட்டுப் போட்டு அலுத்து, வெளிநாட்டிலிருந்து ஒருவரை ஸ்பொன்சர் செய்து எடுப்போம் என்று முடிவெடுத்தோம். திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் மீன்பிடிப் படகுகளுக்கு எண்ணெய்த் தாங்கி செய்யும் நிஸ்தாரைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார். வீடியோவில் அவருடைய வேலையைப் பார்த்தோம், பிடித்துவிட்டது. மீதி இருந்தது அவருடைய முதலாளி தர வேண்டிய அனுபவக் கடிதம் மட்டும்தான்.

வந்த கடிதத்தைப் பார்த்து எங்கள் விசா முகவர் தலையில் கை வைத்தார். "நிஸ்தார் நல்ல பிள்ளை. ஐந்து நேரமும் தொழுவார். சிகரெட் தொடமாட்டார். மரியாதையான குடும்பம்." மாப்பிள்ளை தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வெல்டிங் என்ற சொல்லே அதில் இல்லை. திருத்திக் கேட்டோம். அதே கடிதம் வேறு தாளில் வந்தது. மார்ச் மாதம் நானே புறப்பட்டேன்.

கொழும்பு கோட்டையில் காலை 6.15க்கு ஏசி பஸ், 1,900 ரூபாய், சுமார் 265 கிலோமீற்றர். ஒரு போர்வை கொண்டு போங்கள், நான் நடுங்கியபடிதான் போனேன். பகல் 1.40க்குத் திருகோணமலை. துறைமுகம் தெரிகிற விடுதியில் காலைச் சாப்பாட்டுடன் அறை 7,500. பின்னேரம் முழுக்கக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வேலை ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த நாள் எட்டு மணிக்குக் கிண்ணியாவுக்கு ஓட்டோ. இருபது கிலோமீற்றர், 2,500 ரூபாய். பஸ்ஸில் போனால் நூறு ரூபாய்க்குப் போகலாம், எனக்குப் பொறுமையில்லை. ஓட்டோக்காரர் பாலையூற்றைச் சேர்ந்தவர். நான் போனில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும், சீனக்குடா தாண்டியதும் கேட்டார்.

"நீங்கள் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறனீங்களோ, அக்கா?"

"ஓம், ஒரு வெல்டர்."

"எனக்கு வெல்டிங் தெரியாது. ஆனா கெதியாப் பழகிடுவன்."

கிண்ணியாப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தோம். அவர் கடைசி வரைக்கும் தன் விண்ணப்பத்தைக் கைவிடவில்லை.

நிஸ்தார் வேலை செய்கிற படகு திருத்தும் இடம் தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டில்கள்தான். நிஸ்தார் புதிதாகச் செய்த தாங்கிக்குள் காற்றை நிரப்பி, ஒட்டின இடமெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பூசிக்கொண்டிருந்தார். ஓட்டை இருந்தால் குமிழி வரும். நானும் குனிந்து பத்து நிமிடம் தேடினேன். ஒன்றுகூட வரவில்லை.

முதலாளி ஹனீபாவை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அண்ணன் என்று அர்த்தம். அறுபது வயதிருக்கும். கதிரை போட்டு, தேநீர் தந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நல்லவன் எண்டு எழுதித் தந்திட்டன். இனி என்ன எழுதுற?"

"அவர் செய்த வேலையை எழுதுங்கோ, காக்கா. அது இல்லாமல் விசா தரமாட்டாங்கள்."

"அது தெரியும், தங்கச்சி. தெரிஞ்சுதான் எழுதல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு எழுதத் தெரியவில்லை என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.

"இங்க அஞ்சு பேர் வேலை செஞ்சவங்க. நாலு பேர் வெளிநாடு போயிட்டாங்க, மிச்சம் இவன்தான். உங்களுக்கு ஆளில்லை எண்டு என்ட ஆளைக் கேக்கிறீங்க. ஏலாது."

நிஸ்தார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காக்கா, நான் கட்டார்ல வேலை முடிஞ்சு வந்தநேரம் மகளுக்கு நாலு வயசு. 'இவர் ஆரு?' எண்டு உம்மாட்டக் கேட்டா. நீங்களும் பக்கத்திலதான் நிண்ட நீங்க. இந்த விசாவில பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்."

ஹனீபா காக்கா தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

"எழுதுங்க, தங்கச்சி."

படகு படகாகச் சொன்னார். எந்தப் படகு, எவ்வளவு தடிப்புத் தகடு, எத்தனை நாள் வேலை. எல்லாம் எங்கள் தாங்கிகளுக்கும் செய்கிற அதே ஆர்கன் வெல்டிங். முப்பத்தொரு தாங்கி. ஒவ்வொன்றுக்கும் முடிவில், "ஒழுகல்ல, அதையும் போடுங்க" என்றார். ஆங்கிலத்தில் மாற்றி மடிக்கணினியில் தட்டி முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. கடையில் அச்செடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதற்குக் கீழே பேனாவால் தமிழில் ஏதோ எழுதித் தந்தார். நான் பாலம் தாண்டிய பிறகுதான் அதை வாசித்தேன். அழுதுவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஆள் தேடும் வேலை இருந்தால் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், ஜும்ஆத் தொழுகைக்கு எல்லாம் மூடிவிடுவார்கள். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உலோகம், வேலை முறை, காலம் மூன்றும் இருக்கட்டும். நீங்கள் கூட்டிப் போகிறவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அவரை விட்டுக்கொடுக்கிறவருடனும் இருந்து தேநீர் குடியுங்கள். எங்களுக்கு விசா வந்துவிட்டது, நிஸ்தார் குடும்பத்தோடு வருகிறார். ஹனீபா காக்கா ஒரு கொட்டிலை மூடிவிட்டாராம்.

விசா விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன் மொழிபெயர்ப்பாளர் என்னை அழைத்து, கையெழுத்துக்குக் கீழே இருக்கிற வரி விண்ணப்பத்துக்குத் தேவையில்லை, விட்டுவிடலாமே என்றார். விடவேண்டாம் என்றேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "இவரை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. மேலே எழுதினது எல்லாம் உண்மை."