கச்சேரிக்குப் போட்ட நாற்காலி

வெர்னா கிரெஸ்லியிடம் ஒரு சேதி சொன்னால் அப்பர் கெல்னர் டவுன்ஷிப் முழுக்கச் சொன்ன மாதிரிதான். எங்கள் வாரப் பத்திரிகையில் கோடைப் பக்கம் அவளுடையது. ஜூன் பிறந்துவிட்டால் யார் வீட்டுக்கு மிச்சிகனிலிருந்து பேரன் வந்திருக்கிறான், யாருக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சர்ச் விருந்தில் யார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் முதலில் காலியானது, எல்லாம் அதில் வந்துவிடும். பெயரோடு தெருவும் வரும். ஒரு கோடையில் ஓர் அம்மாளின் சாலட்டை விட்டுவிட்டாள். அந்த அம்மாள் செப்டம்பர் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து யாரையும் விடுவதில்லை என்பதில் வெர்னா பிடிவாதமாக இருந்தாள்.

கணவன் இறந்த பிறகு அந்தப் பக்கம்தான் அவளுக்குக் குடும்பம். காலையில் காப்பியோடு சமையலறைப் போன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊரே கூப்பிட்டுச் சேதி சொல்லும். பத்திரிகைக்காரர்கள் கொடுப்பது பெட்ரோலுக்குக்கூடக் காணாது. மளிகைக் கடையில் யாராவது நிறுத்தி, இந்த வாரம் அருமை என்று சொன்னால் அவளுக்கு அது போதும்.

அந்த ஜூலையில் தீயணைப்புப் படைத் திருவிழா நடந்தது. எங்கள் ஊரில் நெருப்பை அணைப்பவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள்தான். புது வண்டி வாங்குவதற்காக வருஷா வருஷம் ராட்டினமும் கேக் போட்டியும் வைப்பார்கள். கேக் போட்டியில் இரண்டாம் பரிசு நோரீன் டட்ரோவுக்குக் கிடைத்தது. பனி உருகிய சமயத்தில் மகள் டெஸ்ஸோடு மில் சந்துக்குக் குடிவந்தவள். யாரோடும் ஒட்டாமல் இருந்தவளை வெர்னாதான் விடாமல் போய்ப் பேசிப் பேசி வெளியே இழுத்து வந்தாள். வெர்னா கேமராவைத் தூக்கியதும் நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, படம் வேண்டாம் என்றாள். வெர்னா படம் எடுக்கவில்லை. ஆனால் படம் வேண்டாம் என்றாளே தவிர எழுத வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பது வெர்னாவின் நியாயம். பாவம், கூச்சப்படுகிறாள், நாலு நல்ல வார்த்தை எழுதினால் ஊரோடு கலந்துவிடுவாள் என்று நினைத்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே எழுதினாள். மில் சந்து நோரீன், ஏலக்காய் போட்ட பீச் கேக், முன்பல் விழுந்த சின்னக்குட்டி டெஸ் என்று ஒன்று விடவில்லை. நல்ல மனசோடு எழுதியதுதான். இந்த நல்ல மனசுக்காரர்களை நினைத்தால் சில சமயம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பத்திரிகை வெளிவந்து சில நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில் போன் அடித்தது. தணிந்த, மரியாதையான ஆண் குரல். நோரீனின் அண்ணன் என்றான். சண்டை போட்டுப் பேச்சு விட்டுப்போய்விட்டதாம், இப்போது அம்மா படுக்கையில் இருக்கிறாளாம், தங்கை முன்னால் திடீரென்று போய் நிற்க வேண்டுமாம். வெர்னா அப்படியே நம்பினாள். இன்று சாயங்காலம் பூங்காவில் பேண்டு கச்சேரி, மேடைக்கு இடப்பக்கம், இரண்டாம் வரிசை, என் பக்கத்தில்தான் அவளுக்கு நாற்காலி போடுவேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குழந்தையும் வருவாளா என்று கேட்டான். அவள் இல்லாமலா என்றாள் வெர்னா.

ரகசியம் அவள் வயிற்றில் தங்காது. மத்தியானத்துக்குள் மில் சந்தில் போய் நின்றாள். நோரீன் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். ஆனா யாருன்னு சொல்ல மாட்டேன். உங்க அண்ணன்னு மட்டும் சொல்றேன்."

நோரீன் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "எனக்கு அண்ணன் தம்பி யாருமே கிடையாது, வெர்னா."

காலையில் வந்த போனையும் நாற்காலி போடுவதாகச் சொன்னதையும் வெர்னா சொன்னாள். நோரீன் குரலை உயர்த்தாமல் மிச்சத்தைச் சொன்னாள். அவன் அவளுடைய கணவன். இதற்கு முன் இரண்டு ஊர்களில் அவளைத் தேடிப் பிடித்தவன். அவள் இடது மணிக்கட்டு சரியாக மடங்காததும் அவனால்தான். கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டு கொடுத்த காகிதத்தை அவள் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டுக் கொளுத்தினான். அடுத்த முறை குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று சொல்லியிருந்தான்.

வெர்னா போலீசைக் கூப்பிட்டாள். அவன் ஏதாவது செய்தால் உடனே வருகிறோம் என்றார்கள். இப்பவே என் காரில் கிளம்பு என்று வெர்னா கெஞ்சினாள். நோரீன் தலையை ஆட்டினாள்.

"அவன் எங்க இருக்கான்னு தெரியாம நான் வாசலைத் தாண்ட மாட்டேன். போன தடவை பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருந்தான். நீங்க நாற்காலியைப் போட்டு வைங்க. மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா பூங்கா தெரியும். அவன் அதுல வந்து உக்காரட்டும், நான் என் காருல கிளம்பிடறேன்."

கச்சேரி நாளில் மத்தியானமே போய் நாற்காலி போட்டு இடம் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். வேறு யாரும் தொட மாட்டார்கள். நாற்காலி இருந்தால் ஆள் வருவார் என்று அர்த்தம். வெர்னா தன் பச்சைக் கோடு போட்ட நாற்காலியைக் கொண்டுபோய், நோரீனின் பெயரை எழுதி ஒட்டினாள். அடித்து அடித்து எழுத வேண்டியிருந்தது.

சாயங்காலம் பேண்டு ஆரம்பித்தது. ஊரே குளிர்பானப் பெட்டிகளோடு வந்திருந்தது. வழக்கமாக வரிசை வரிசையாய்ப் போய் வம்பு சேகரிக்கிற வெர்னா அன்று எழுந்திருக்கவில்லை. கடந்து போகிற ஒவ்வொரு ஆணையும் இவனாக இருக்குமோ என்று பார்த்தாள். கொடூரமான முகத்தை எதிர்பார்த்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பொம்மையுமாக, சர்ச்சில் பக்கத்தில் உட்காரக்கூடிய ஆள் மாதிரி ஒருவன் வந்தான். பிளாஸ்திரியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வெர்னாதானே? குரலை வச்சு இப்படித்தான் இருப்பீங்கன்னு நினைச்சேன். எங்க அவ?"

நோரீன் ஐஸ் வாங்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள். அந்த நேரம் பார்த்து எல்வுட் ஹாஸ் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு வந்து நின்றான். தீயணைப்புப் படைத் தலைவன், உதவி என்றால் கேட்காமலே ஓடிவருகிறவன். நோரீனின் பெயர் காதில் விழுந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நோரீனைப் பாக்கவா வந்தீங்க? அவ வீடு இதோ பின்னாலதான், அந்த மாடி ஜன்னல் தெரியுது பாருங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

நாற்காலியில் இருந்தவன் பாதி எழுந்துவிட்டான். தன் பத்திரிகைப் பக்கத்தில் ஒரு பொய்கூட எழுதாத வெர்னா அப்போது வாயைத் திறந்தாள்.

"உக்காருங்க. ஐஸ்னு சும்மா சொன்னேன். கச்சேரி முடிஞ்சதும் கேக் பரிசு வாங்கினவங்களை மேடைக்குக் கூப்பிடறாங்க. அவளும் பொண்ணும் மேடைக்குப் பின்னாலதான் நிக்கறாங்க. இப்ப போனா எல்லாம் கெட்டுடும்."

எல்வுட் விழித்தான். "அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியாதே?"

"நேத்துதான் முடிவாச்சு, எல்வுட். உனக்கு யாரும் சொல்லலையா?"

வெர்னா சொன்னால் அது நடந்த விஷயம்தான் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்வுட் தன்னிடம் மட்டும் சொல்லவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். அந்த ஆள் மறுபடி உட்கார்ந்தான்.

மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்க்க அவள் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. சந்தில் ஏதோ கார் கிளம்பிய மாதிரி இருந்தது. பேண்டு சத்தத்தில் நிச்சயமாகத் தெரியவில்லை. அவன் அவள் பக்கம் சாய்ந்து, எல்வுட் விட்டுப்போன பொட்டலத்திலிருந்து வறுவல் ஒன்றை எடுத்துத் தின்றான்.

"அவ பென்சில்வேனியாவுல எங்கேயோதான் இருப்பான்னு எனக்குத் தெரியும். சின்னச் சின்ன ஊர்ப் பேப்பரா வரவழைச்சுப் படிச்சேன். ஏலக்காய் போட்டு பீச் கேக்கை வேற எவ செய்வா? நீங்க நல்லா எழுதறீங்க வெர்னா. எதையும் விடறதில்ல."

வெர்னாவுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினால் அவனும் எழுந்துவிடுவான் என்பதால் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பாட்டு முடிந்தபோதெல்லாம் ஊரோடு சேர்ந்து கைதட்டினாள். அவனும் தட்டினான்.

கடைசி மார்ச் முடிந்தது. வாத்தியக்காரர்கள் தாள்களைச் சுருட்டினார்கள். மேடைக்கு யாரையும் யாரும் கூப்பிடவில்லை. சனங்கள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். அவன் கொஞ்ச நேரம் காலி மேடையைப் பார்த்தான், பிறகு வெர்னாவைப் பார்த்தான். அவள் வாழ்நாளில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து மில் சந்துப் பக்கம் நடந்தான். வெர்னா ஸ்டேஷனுக்கு ஓடிப் போலீஸ்காரர் ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தபோது கதவு உடைந்து கிடந்தது, வீடு காலியாக இருந்தது. அவனையும் காணவில்லை. தாயும் மகளும் முன்னாடியே போய்விட்டார்களா, வழியில் அவனிடம் மாட்டிக்கொண்டார்களா என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

காலையில் போன் அடித்தது.

"வெர்னா, நாங்க பத்திரமா இருக்கோம்." நோரீனின் குரலுக்குப் பின்னால் லாரிகள் ஓடும் சத்தம் கேட்டது. டெஸ் எதற்கோ சிரித்தது. வெர்னா உடைந்து அழுதுவிட்டாள். கடவுளே கடவுளே என்றாள். பிறகு, இத்தனை வருஷமாகக் காலைக் காப்பியோடு எல்லாரையும் கேட்டுப் பழகிய வாய், தானாகக் கேட்டுவிட்டது.

"எங்கம்மா இருக்கீங்க?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அவன் பக்கத்தில் நின்று மிரட்டிக் கேட்க வைக்கிறான் என்றுதான் நோரீன் நினைத்திருப்பாள். இல்லை, இங்கே யாருமில்லை, நானாகத்தான் கேட்டுத் தொலைத்தேன் என்று சொல்ல, திருப்பிக் கூப்பிட வெர்னாவிடம் நம்பர் இல்லை.